ஷேர் திறக்கவில்லை, ரிமோட் போகவில்லை: புது சர்வர் வாங்குவதற்கு முன்

கேட்டது இதுதான்: கிருஷ்ணகிரி – காவேரிப்பட்டணம் சாலையில் ஒரு மாங்கூழ் ஆலை. அலுவலகத்தில் ஒரு விண்டோஸ் கணினியையே சர்வராக வைத்து, அதிலுள்ள ஒரு ஃபோல்டரை மற்ற ஏழு கணினிகளுக்கும் ஷேர் செய்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று தள்ளியிருக்கும் எடைமேடை அறையில். டேலி, எக்செல் எல்லாம் அந்த ஃபோல்டரில்தான். கரண்ட் போய் வந்த காலைகளில் சிலருக்கு நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை என்று வருகிறது. புதிதாக வாங்கிய இரண்டு கணினிகளில் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கிறது. தர்மபுரியில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் கணக்காளருக்கு ரிமோட் டெஸ்க்டாப் (அலுவலகக் கணினியின் திரையை வீட்டிலிருந்தே இயக்கும் வசதி) இணையவே இல்லை. எழுபதாயிரம் ரூபாய்க்கு ஒரு புது சர்வர் வாங்கச் சொல்கிறார்கள், வாங்கினால் தீருமா?

தீராது. அந்த மூன்றும் மூன்று வேறு கோளாறுகள். சர்வர் பெட்டியை மாற்றினாலும் அதே ரௌட்டர், அதே கேபிள், அதே கணக்குகள்தான் இருக்கப்போகின்றன. பணத்தை வைத்திருங்கள், அதில் ஒரு சிறு பகுதியை எதற்குச் செலவழிக்கலாம் என்று போகப்போகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு பழக்கம். ஷேர் வரவில்லை என்று யாராவது சொன்னதும் சர்வரை ரீஸ்டார்ட் செய்ய ஓடாதீர்கள். திரையில் என்ன வாசகம் வந்தது என்று கேளுங்கள். பாதை கிடைக்கவில்லை என்றால் (பிழை எண் பெரும்பாலும் 80070035 என்று முடியும்) அந்தக் கணினியால் சர்வர்வரை போகவே முடியவில்லை. பாஸ்வேர்டு கேட்டால் போய்ச் சேர்ந்துவிட்டது, உள்ளே விடவில்லை. அனுமதி இல்லை என்று வந்தால் உள்ளேயும் விட்டாயிற்று, குறிப்பிட்ட ஃபோல்டரில் மட்டும் தடுக்கிறது. பாதை கிடைக்காதவரிடம் போய் பாஸ்வேர்டை மாற்றுவதும், பாஸ்வேர்டு கேட்கிறவரிடம் கேபிளை மாற்றுவதும்தான் இந்தத் தொழிலில் அதிகம் வீணாகும் நேரம்.

போய்ச் சேருகிறதா என்று பார்க்கப் பலரும் பிங் (மறுபக்கக் கணினி பதில் சொல்கிறதா என்று சோதிக்கும் கட்டளை) அடிப்பார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம். வெளியிலிருந்து வருபவற்றைத் தடுக்கும் விண்டோஸ் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் சொல்லாமலேயே இருக்கக்கூடும். ஆகவே பிங் வராததால் சர்வர் செத்துவிட்டது என்று ஆகாது. விண்டோஸ் ஷேர் நடப்பது 445-ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது கணினியில் ஒரு சேவைக்கான எண்ணிட்ட வாசல்). விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லைத் திறந்து டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் என்ற கட்டளையில் சர்வரின் ஐபி முகவரியையும் (நெட்வொர்க்கில் அதன் எண்) போர்ட் 445 என்பதையும் கொடுத்துப் பாருங்கள். கடைசி வரியில் ட்ரூ என்று வந்தால் வழி சரி. ஃபால்ஸ் என்றால் வழியில் எங்கோ அடைப்பு. பிறகு அதே சோதனையை ஐபி முகவரிக்குப் பதிலாக சர்வரின் பெயரைக் கொடுத்துச் செய்யுங்கள். முகவரியில் வந்து பெயரில் வரவில்லையென்றால் பிரச்சினை பெயரைத் தேடுவதில் மட்டும்தான்.

இனி கரண்ட் கட் விவகாரம். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி, சில நாள் கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிவிடுகிறது என்பது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் சர்வர் யூபிஎஸ்ஸில் இருக்கும், ரௌட்டரும், கணினிகளின் கேபிள்களை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியும் சுவரில் நேராகச் செருகியிருக்கும். நம் பக்கத்துப் பல அலுவலகங்களில் இப்படித்தான். யூபிஎஸ் தாங்காத அளவுக்கு நீண்ட கட் வந்து எல்லாம் அணைந்து, மறுபடி கரண்ட் வரும்போது கணினி சீக்கிரம் எழுந்துவிடுகிறது. ரௌட்டர் எழ அதைவிட நேரமாகிறது. முகவரி கொடுக்க ஆள் இல்லாததால் விண்டோஸ் தனக்குத்தானே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைப் போட்டுக்கொள்ளும். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரௌட்டர் வந்துவிட்டதா என்று கேட்டுப் பார்க்கும். வந்திருந்தால் சரியான முகவரி கிடைத்துவிடும். நீங்கள் சொல்லும் தானாகச் சரியாவது பெரும்பாலும் இதுதான்.

ஆனால் கிடைக்கும் முகவரி பழையதாகவே இருக்கும் என்று உறுதி இல்லை. நேற்று 192.168.1.5, இன்று 192.168.1.9. ஷேரை எண்ணைக் கொண்டு இணைத்து வைத்தவர்களுக்குப் பாதை கிடைக்காது. பெயரைக் கொண்டு இணைத்தவர்களுக்குக் கிடைக்கும். அதனால்தான் ஒரே அறையில் பாதிப் பேருக்கு வருகிறது, பாதிப் பேருக்கு வரவில்லை. இதற்குத் தீர்வு ரௌட்டரின் டிஎச்சிபி (முகவரிகளைத் தானாகக் கொடுக்கும் வசதி) பக்கத்தில் சர்வருக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுவது. ரிசர்வேஷன், அட்ரஸ் பைண்டிங் என்று ரௌட்டருக்கு ரௌட்டர் பெயர் மாறும், வேலை ஒன்றுதான். சர்வரிலேயே நேராக முகவரியை எழுதி வைப்பதும் உண்டு. அப்படிச் செய்தால் ரௌட்டர் மற்றவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் வரம்புக்கு வெளியே ஒரு எண்ணை எடுங்கள். இல்லையென்றால் ஒருநாள் யாருடைய செல்போனோ அதே முகவரியோடு வந்து நிற்கும்.

முகவரியை நிலைப்படுத்தியும் சில காலைகளில் ஷேர் வராது. அதற்குக் காரணம் இன்னும் கொஞ்சம் மறைவானது. விண்டோஸ் ஒரு நெட்வொர்க்கை அடையாளம் காண்பது ரௌட்டரை வைத்து. ரௌட்டர் இல்லாத நேரத்தில் எழுந்தால் இது தெரியாத நெட்வொர்க் என்று எண்ணி அதைப் பப்ளிக் என்று வகைப்படுத்திவிடும். பப்ளிக் என்றால் பேருந்து நிலைய வைஃபை மாதிரி என்று பொருள்; ஃபைல் ஷேரிங்கை ஃபயர்வால் அடைத்துவிடும். சர்வரில் இணையம் வரும், பிரிண்ட் போகும், உட்கார்ந்து பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும், வெளியிலிருந்து மட்டும் யாரும் நுழைய முடியாது. ரௌட்டர் வந்ததும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சில நேரம் அப்படியே நின்றுவிடும். ரௌட்டரையே புதிதாக மாற்றினாலும் இதே கதைதான். செட்டிங்ஸில் நெட்வொர்க் பக்கத்தில் போய் ப்ரைவேட் என்று மாற்றுங்கள். ஃபயர்வாலையே அணைத்துவிடு என்று சொல்பவர்கள் நிறைய. அணைத்தால் ஷேர் வரும் என்பது உண்மை, கூடவே வேறு பலதும் வரும்.

இந்த இடத்தில்தான் பணம் செலவழிக்கச் சொல்வேன்: ரௌட்டருக்கும் ஸ்விட்சுக்கும் ஒரு சின்ன யூபிஎஸ். இவை குடிக்கும் கரண்ட் மிகக் குறைவு; கணினி தாங்காத நேரத்தையும் இவை தாங்கிவிடும். ரௌட்டர் ஒருபோதும் அணையாமல் இருந்தால் மேலே சொன்ன கரண்ட் கட் கோளாறுகள் பெரும்பாலும் தலைகாட்டாது.

எடைமேடைக் கணினி தனி வழக்கு. அங்கே சிக்னல் வரவில்லை என்று இன்னொரு வைஃபை ரௌட்டரை வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணினியின் முகவரி என்ன என்று பாருங்கள். மற்றவை 192.168.1 என்று தொடங்கும்போது அது மட்டும் 192.168.0 என்று தொடங்கினால், இரண்டாவது ரௌட்டர் தனக்கென்று ஒரு தனி நெட்வொர்க்கை நடத்திக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து இணையம் கிடைக்கும், ஆனால் சர்வரின் பெயரைத் தேடும் அறிவிப்புகள் அந்த வேலியைத் தாண்டாது. அலுவலகத்திலிருந்து வரும் கேபிளை அந்த ரௌட்டரின் வான் (WAN, இணையம் வரும்) துளையிலிருந்து பிடுங்கி லான் (LAN, உள் கணினிகளுக்கான) துளையில் செருகி, அதன் டிஎச்சிபியை அணைத்துவிடுங்கள். அதற்குமுன் அதன் சொந்த முகவரியை 192.168.1 வரிசையில் பயன்படாத ஒன்றாக மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிறகு அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்கவே முடியாது. ஆக்சஸ் பாயின்ட் மோட் என்று ஒரே பொத்தானாக இருந்தால் இன்னும் எளிது.

அந்தக் கேபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. செம்புக் கம்பி ஈதர்நெட்டுக்கு 100 மீட்டர்தான் எல்லை. ஆலை வளாகத்தில் சுற்றிச் சுற்றிப் போனால் எளிதில் தாண்டிவிடும். அப்போது அறுந்து போகாது, விட்டுவிட்டு வரும், அதுதான் தொல்லை. இன்னொன்று இடி. சித்திரை, வைகாசியில் கோடை மழையோடு வரும் மின்னல் நேராக விழ வேண்டியதில்லை, பக்கத்தில் விழுந்தாலே போதும். இரண்டு கட்டடங்களுக்கு இடையே திறந்தவெளியில் தொங்கும் செம்புக் கேபிள் வழியாக ஸ்விட்ச் போர்ட் கருகும், சில நேரம் கணினியின் நெட்வொர்க் கார்டும் சேர்ந்து போகும். கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் இழுத்து இரு முனையிலும் ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வர்ட்டர் வையுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. மாங்காய் வண்டிகள் எடைக்கு வரிசையில் நிற்கும் மாதங்களும் இடி மழை மாதங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருவதால் இதை முன்கூட்டியே செய்வது நல்லது.

சரி, பாஸ்வேர்டு கேட்கும் இரண்டு புதுக் கணினிகள். உங்கள் சர்வரில் பாஸ்வேர்டு ப்ரொடெக்டட் ஷேரிங் என்பதை யாரோ அணைத்து வைத்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் விருந்தாளியாக உள்ளே வரலாம் என்ற ஏற்பாடு. பழைய கணினிகள் அப்படித்தான் நுழைந்துகொண்டிருந்தன. 2024-இல் வந்த விண்டோஸ் 11, 24எச்2 பதிப்பின் ப்ரோ வகை இயல்பாகவே விருந்தாளி நுழைவை மறுக்கிறது. பேசும் ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பம் வேண்டும் என்றும் கேட்கிறது. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது என்ற பொருளில் ஒரு செய்தி வரும். நம்ம ஆபீஸில் அப்படி ஒரு கொள்கையும் இல்லையே என்று முதலாளிகள் குழம்புவார்கள். கொள்கை விண்டோஸோடு வந்தது.

விண்டோஸின் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) ஒரு மதிப்பை மாற்றி விருந்தாளியை மறுபடி அனுமதிக்கும் வித்தையும் உண்டு. செய்யாதீர்கள். சர்வரில் ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு லோக்கல் கணக்கும் பாஸ்வேர்டும் உருவாக்குங்கள். ஷேரைத் திறக்கும்போது பயனர்பெயருக்கு முன்னால் சர்வரின் பெயரும் ஒரு பேக்ஸ்லாஷும் சேர்த்து அடிக்க வேண்டும். இல்லையென்றால் விண்டோஸ் அதைத் தன் சொந்தக் கணக்கு என்று எடுத்துக்கொள்ளக்கூடும். இதில் அடிக்கடி கால் இடறும் இடங்கள் மூன்று. நான்கு இலக்கப் பின் (PIN), நெட்வொர்க்கில் செல்லாது. அது அந்த ஒரு கணினிக்கு மட்டுமே. பாஸ்வேர்டே இல்லாத கணக்கு, அந்தக் கணினியின் முன் உட்கார்ந்து நுழையத்தான் செல்லும், நெட்வொர்க் வழியாக விண்டோஸ் விடாது. மூன்றாவது, ஏற்கெனவே ஒரு பெயரில் இணைந்திருக்கும்போது அதே சர்வருக்கு இன்னொரு பெயரில் இணைய முயன்றால் 1219 என்ற பிழை வரும். கமாண்ட் ப்ராம்ப்டில் நெட் யூஸ் என்று அடித்தால் பழைய இணைப்புகள் தெரியும். அவற்றை நீக்கிவிட்டு, கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்து வைத்த பழைய பாஸ்வேர்டையும் அழித்துவிட்டு மறுபடி முயலுங்கள். சரியான பாஸ்வேர்டையே பத்து முறை அடித்தும் வரவில்லை என்பவர்களின் கதை பாதி இதில் முடிந்துவிடும்.

உள்ளே போயும் ஒரு ஃபோல்டரில் சேமிக்க முடியவில்லை என்றால் அனுமதிகள் இரண்டு அடுக்கில் இருப்பதை நினைவில் வையுங்கள். ஷேரிங் தாவலில் ஒன்று, செக்யூரிட்டி தாவலில் ஒன்று. இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். ஷேரிங் தாவலில் முழு உரிமை கொடுத்துவிட்டு ஏன் எழுத முடியவில்லை என்று தேடுபவர்கள் அடுத்த தாவலைத் திறப்பதே இல்லை. அப்புறம், சர்வர் கணினி ஸ்லீப் போகாமல் வையுங்கள். விண்டோஸ் ப்ரோவில் ஒரே நேரத்தில் 20 இணைப்புகள்தான், ஏழு பேருக்கு அது பிரச்சினை ஆகாது.

ஸ்கேனர் நேராக ஃபோல்டருக்கு அனுப்பவில்லை, எஸ்எம்பி 1-ஐ (விண்டோஸ் ஷேருக்கான நெறிமுறையின் பழைய பதிப்பு) ஆன் செய்யச் சொல்கிறார் சர்வீஸ்காரர் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். வேண்டாம். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை பரவியது அந்தப் பழைய நெறிமுறையின் ஓட்டை வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு இறுதியிலிருந்து விண்டோஸ் 10-இன் புது நிறுவல்களில் அதை இயல்பாகச் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. ஸ்கேனருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்துப் பாருங்கள், முடியாவிட்டால் மின்னஞ்சலுக்கு ஸ்கேன் அனுப்புங்கள். ஒரு ஸ்கேனருக்காக மொத்தக் கணக்கையும் பணயம் வைப்பதில் கணக்கே இல்லை.

தர்மபுரிக் கணக்காளர் விஷயத்துக்கு வருவோம். முதல் கேள்வி, அலுவலகத்தில் அவர் நுழைய வேண்டிய கணினியில் இருப்பது விண்டோஸ் ஹோமா ப்ரோவா? ஹோம் பதிப்பிலிருந்து வெளியே போகலாம், ஹோம் பதிப்புக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைய முடியாது. எத்தனை செட்டிங் மாற்றினாலும் முடியாது. ப்ரோதான் என்றால் 3389-ஆம் போர்ட்டை முதலில் அலுவலகத்துக்குள்ளேயே வேறொரு கணினியிலிருந்து சோதியுங்கள். உள்ளேயே வரவில்லை என்றால் வெளியிலிருந்து முயல்வதில் அர்த்தமில்லை. பாஸ்வேர்டு பற்றி மேலே சொன்னது இங்கும் பொருந்தும்: பின் செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்காக இருந்தால் அந்தக் கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு வேண்டும். எப்போதும் பின் மட்டுமே போட்டு நுழைந்த கணினியில் ஒருமுறையாவது நேரில் பாஸ்வேர்டு போட்டு நுழைந்தால்தான் சில சமயம் ரிமோட்டும் ஏற்கும்.

உள்ளே வருகிறது, தர்மபுரியிலிருந்துதான் வரவில்லை என்றால், ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளி அழைப்பை உள்ளே ஒரு கணினிக்குத் திருப்புவது) போட்டும் வரவில்லை என்ற உங்கள் குறிப்பு விடையைச் சொல்லிவிடுகிறது. ரௌட்டரின் பக்கத்தில் வெளி முகவரி என்ன என்று பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் ரௌட்டரை வந்து தொடவே தொடாது. நீங்கள் எந்தப் போர்ட்டை எப்படித் திறந்தாலும் பயனில்லை. ஸ்டாட்டிக் ஐபி (உங்களுக்கென்று மாறாத பொது முகவரி) கேட்டு வாங்கலாம், தனிக் கட்டணம்.

வாங்கினாலும் 3389-ஐ வெளி உலகுக்குத் திறந்து வைக்க வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் அந்தப் போர்ட்டைத் தேடிக்கொண்டே இருக்கின்றன. 2019-இல் ப்ளூகீப் என்ற ஓட்டை வெளியானபோது, பழைய விண்டோஸ் பதிப்புகளில் பாஸ்வேர்டே இல்லாமல் நுழைய வழி இருந்தது. போர்ட் எண்ணை மாற்றி வைத்தால் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்பது நம் மன ஆறுதலுக்கு மட்டும். இதற்கு விபிஎன்தான் (இணையத்தின் மேல் ஒரு பூட்டிய தனிப் பாதை) வழி. டெயில்ஸ்கேல் போன்ற ஒன்றை இரண்டு கணினிகளிலும் நிறுவினால் பகிர்ந்த முகவரிக்குப் பின்னால் இருந்தாலும் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும், ரௌட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை. ஒயர்கார்டு என்ற விபிஎன்னை நீங்களே அமைப்பதென்றால் ஒரு முனையிலாவது நேரடிப் பொது முகவரி வேண்டும்.

விபிஎன் இணைந்தும் சர்வர் தெரியவில்லை என்று அடுத்த கேள்வி வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். விபிஎன் வழியாக முழு அலுவலக நெட்வொர்க்கையும் எட்ட அமைத்திருந்தால், அலுவலகமும் 192.168.1, அவர் வீடும் 192.168.1 என்று இருக்கக் கூடாது. 192.168.1.5 எங்கே என்று அவர் கணினி தேடும்போது வீட்டுக்குள்ளேயே தேடிவிட்டு இல்லை என்று சொல்லிவிடும். அலுவலகத்தை 192.168.57 மாதிரி யாரும் வைக்காத எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றுவதானால் எல்லாம் நிலைப்படுத்துவதற்கு முன்பே, முதல் வேலையாக.

விபிஎன் வந்துவிட்டது, இனி டேலி ஃபோல்டரை நேராக அவர் கணினியில் மேப் செய்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. டேலியோ எக்செல்லோ தொலைவிலிருந்து ஃபைலைத் திறந்தால் ஒவ்வொரு சின்ன வாசிப்புக்கும் தகவல் போய் வர வேண்டும். ஆமை வேகம் ஒருபுறம், எழுதும் நடுவில் லைன் அறுந்தால் டேட்டா கெடுவது மறுபுறம். ரிமோட் டெஸ்க்டாப்பில் வேலை அலுவலகக் கணினியிலேயே நடக்கிறது, தர்மபுரிக்குப் படம் மட்டும் வருகிறது. லைன் போனாலும் திறந்தது திறந்தபடி இருக்கும், மறுபடி இணைந்து தொடரலாம். ஒரு கட்டுப்பாடு உண்டு: ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். அவர் நுழைந்தால் அங்கே உட்கார்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். ஆகவே சர்வராக இருக்கும் கணினியில் அவரை நுழைய விடாமல், அவருக்கென்று ஒரு பழைய ப்ரோ கணினியை ஓரமாக வையுங்கள். பலர் ஒரே நேரத்தில் நுழையும்படி விண்டோஸ் ஃபைலை மாற்றும் நிரல்கள் கிடைக்கின்றன. உரிமத்துக்குப் புறம்பு என்பதோடு, அடுத்த அப்டேட்டில் உடைந்தும் போகும்.

தொலைவிலிருந்து திரையைப் பார்த்து இயக்கும் எனிடெஸ்க் செயலி போதாதா என்றால், எப்போதாவது உதவிக்குப் பார்க்கப் போதும். தினசரி வேலைக்கு இலவசப் பதிப்பு பொருந்தாது, தொழில் பயன்பாட்டுக்கு உரிமம் வேண்டும். வங்கியிலிருந்து பேசுகிறேன், இதை நிறுவுங்கள் என்று ஏமாற்றுபவர்கள் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே இந்தச் செயலியின் பெயர் சொல்லி எச்சரித்திருக்கிறது. அலுவலகத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்படி விட்டு வைக்காதீர்கள்.

பழைய கணினியில் லினக்ஸ் போட்டு சம்பா (லினக்ஸில் விண்டோஸ் ஷேர் நடத்தும் மென்பொருள்) வைக்கலாமா என்று ஒரு நண்பர் யோசனை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல யோசனைதான், அந்த நண்பர் ஊரில் இருக்கும்வரை. ஓசூருக்கு வேலை மாறிப் போய்விட்டால் யார் பார்ப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள். சம்பாவின் பாஸ்வேர்டு லினக்ஸ் பாஸ்வேர்டிலிருந்து தனி. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. நெட்வொர்க் பட்டியலில் சர்வரின் பெயர் தெரியாது, டபிள்யூஎஸ்டிடி என்ற சின்னச் சேவையை நிறுவினால் தெரியும். ஆனால் பெயரை நேராக அடித்தால் அது இல்லாமலும் திறக்கலாம். நண்பர் எஸ்எஸ்எச்சில் (லினக்ஸ் கணினியைத் தொலைவிலிருந்து கட்டளைகளால் இயக்கும் வழி) நுழையும்போது கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட் என்று உடனே வந்தால் கணினி உயிரோடு இருக்கிறது, 22-ஆம் போர்ட்டில் சேவைதான் ஓடவில்லை. நெடுநேரம் காத்து டைம்அவுட் ஆனால் முகவரியோ ஃபயர்வாலோ. அந்தக் கணினியை அடையாளம் காட்டும் சாவி மாறிவிட்டது என்று பெரிய எழுத்தில் எச்சரித்தால் பதற வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு அழிக்கவும் வேண்டாம்: லினக்ஸை மறுபடி நிறுவினீர்களா, அந்த முகவரி வேறு கணினிக்குப் போய்விட்டதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால்தான் சந்தேகப்பட வேண்டும். இன்னொன்று, சம்பாவும் 2019-இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1-ஐ இயல்பாக அணைத்தே வைத்திருக்கிறது. உங்கள் ஸ்கேனருக்கு அங்கேயும் இடம் இல்லை.